புழுவுக்கு ஒரு வீடு

கன்னிகாவுக்கு வாய் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ராமகுப்பம் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் பிறந்து, வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் தெலுங்குமாக வளர்ந்து, மைசூரில் கன்னடமும் கற்றுக்கொண்டு, மாநாட்டு மேடைகளில் ஆங்கிலத்தில் வெளுத்து வாங்குகிறவள். நாலு மொழியிலும் சண்டை போடத் தெரியும். ஆட்டோக்காரர்கள் அவளிடம் கட்டணத்தை இரண்டாவது தடவை சொல்லிப் பார்ப்பதில்லை. அப்பேர்ப்பட்டவள், வாழ்க்கையில் இதுவரை கேட்கப்பட்ட மிக முக்கியமான கேள்விக்கு, சித்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றபடி, சொல்லக்கூடாத பதிலைச் சொல்லிவிட்டாள்.

திருப்பதியில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு நேர்காணல் முடித்துவிட்டு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். சித்தூரில் இறங்கி குப்பம் பஸ்ஸுக்கு நின்றபோது போன் அடித்தது. பேசியது பத்மினி, அறிவியல் துறைகளுக்கெல்லாம் டீன். காலையில் நேர்காணலில் நடுநாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்.

"கன்னிகா காரு, உங்களத்தான் செலக்ட் பண்ணியிருக்கோம். ஆர்டர் ரெடி பண்ணணும். உங்களுக்கு என்னென்ன வேணும், செப்பண்டி."

கண்டக்டர் "பலமநேர், குப்பம்" என்று தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தார். கன்னிகாவுக்கு சந்தோஷத்தில் கால் தரையில் படவில்லை. ஒரு காதைப் பொத்திக்கொண்டு, யோசிக்காமல், தெலுங்கில் சொன்னாள்:

"மீ இஷ்டம் மேடம். மீரே சூசி செய்யண்டி."

உங்கள் இஷ்டம், நீங்களே பார்த்துச் செய்யுங்கள். சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பலமநேர் வரைக்கும் முகத்தில் சிரிப்பு. பலமநேர் தாண்டியதும்தான் தான் சொன்னது என்ன என்பது உறைத்தது.

அந்த 'மீ இஷ்டம்' அவளுடைய வார்த்தை அல்ல. அவளுடைய அப்பா, அவள் நைனா என்று கூப்பிடும் பாலையாவின் வார்த்தை. அவருக்கும் அவர் நைனாவிடமிருந்து வந்தது. அந்தக் குடும்பத்துக்கு அன்றைக்குக் கையகல நிலம் கிடையாது. பெரிய வீட்டு வாசலில் வேலைக்குப் போய் நின்றால், கூலி என்ன வேண்டும் என்று கேட்பார்கள். அது கேள்வியே இல்லை. தொகையைச் சொன்னால் திமிர் பிடித்தவன்; அடுத்த நாள் வேறொருத்தனைக் கூப்பிடுவார்கள். 'மீ இஷ்டம் சாமி' என்று சொல்லிவிட்டு நின்றால், நாலு பேர் பார்க்கும் வாசலில் குறைத்துக் கொடுக்க பெரிய வீட்டுக்காரருக்கே கூச்சமாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கை எத்தனை தடவை பலித்தது என்று பாலையாவைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

ஆனால் அதே வீட்டில் இன்னொரு வாயும் உண்டு. பிற்பாடு அரசாங்கம் கொடுத்த துண்டு நிலத்தில் மல்பெரி வைத்து, பட்டுப்புழு வளர்க்க ஆரம்பித்தார்கள். கூடு விற்கச் சந்தைக்குப் போவது கன்னிகாவின் அம்மா செல்லியம்மா. அங்கே அவள் 'மீ இஷ்டம்' சொல்லி ஒருத்தரும் கேட்டதில்லை. தட்டில் கூட்டைக் கொட்டி வைப்பாள். வியாபாரி கையில் எடுத்து அழுத்திப் பார்ப்பான், காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பான், விலை சொல்வான். பிடிக்காவிட்டால் செல்லியம்மா தலையை மட்டும் ஆட்டுவாள். அடுத்த ஏலம் வரும்வரை தட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். கெஞ்சலும் கிடையாது, சண்டையும் கிடையாது. வாசலில் ஒரு வாய், சந்தையில் ஒரு வாய் என்று அந்தக் குடும்பம் இரண்டையும் வைத்துப் பிழைத்தது. கன்னிகா அன்றைக்கு அவசரத்தில் வாசல் வாயை எடுத்துவிட்டாள்.

வேலை உத்தரவு மின்னஞ்சலில் வந்தது. பத்மினி மேடத்தைக் குறை சொல்லக்கூடாது. நீயே பார்த்துச் செய் என்று ஒருத்தி சொன்னால், நல்ல மனசுள்ளவர்கள் தங்களுக்கு எது நல்லதாகப் படுகிறதோ அதைத்தான் செய்வார்கள். மூன்றாவது மாடியில் குளிரூட்டிய ஆய்வகத்தில் கன்னிகாவுக்கு ஒரு மேசை. புத்தம் புது ஆய்வகம். அதைப் பகிர்ந்துகொள்ளப் போகிறவர்கள், பூச்சிக்கொல்லி மருந்துகளைச் சோதிக்கும் குழு. வாரம் முழுக்க வகுப்புகள். சம்பளத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கன்னிகா அதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

விஷயம் என்னவென்றால், அவள் மைசூரில் ஒரு பட்டு ஆராய்ச்சி நிலையத்தில் வருஷக்கணக்காக உழைத்து ஒரு பட்டுப்புழு இனத்தை உருவாக்கியிருந்தாள். நல்ல பட்டு தரும் புழுக்களுக்கு வெயில் ஆகாது. நம் பக்கத்துக் கோடையில் பாதி செத்துப்போகும், மீதி சோகையான கூடு கட்டும். செல்லியம்மா சித்திரை வைகாசியில் புழுவே எடுப்பதில்லை. கன்னிகாவின் இனம் வெயிலைத் தாங்கும் என்று அவளுக்கு நம்பிக்கை. மைசூரின் குளிர்ந்த காற்றில் அதை எப்படி நிரூபிப்பது? திருப்பதி வெயில்தான் அதற்குப் பரீட்சை. அந்தப் பரீட்சைக்காகத்தான் அவள் அந்த வேலைக்கே விண்ணப்பித்தாள். முட்டைகள் மைசூரில் குளிர்பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்தன. ஆனால் அந்தத் தூக்கத்துக்கும் ஒரு கெடு உண்டு. பங்குனி முடிவதற்குள் வெளியே எடுத்துப் பொரிக்கவிடாவிட்டால் உள்ளேயே செத்துவிடும், அந்த இனமும் அதோடு போச்சு.

அவளுடைய புழு வெயிலைத் தாங்கும், மருந்தைத் தாங்காது. பக்கத்து அறையில் கொசுவர்த்தி கொளுத்தினாலே மல்பெரி இலையை விட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஜென்மம் அது. அதைக் கொண்டுபோய்ப் பூச்சிக்கொல்லிக்காரர்கள் பக்கத்தில் வைப்பதும், கோழிக்குஞ்சைப் பூனையிடம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்வதும் ஒன்று. போதாக்குறைக்கு ஏசி வேறு. வெயில் தாங்கும் புழுவை ஏசியில் வளர்த்து யாருக்கு எதை நிரூபிப்பது?

மைசூரில் இன்னொரு வருஷம் இருந்துகொள்ளலாம் என்று அங்கிருந்த மூத்த விஞ்ஞானி சொல்லியிருந்தார். புழு பிழைக்கும். ஆனால் அதற்கு வேறொரு விலை இருந்தது. அந்த விலையின் பெயர் யோகேஷ்.

யோகேஷ் அவள் கணவன். திருத்தணிப் பக்கத்துக்காரன். ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். திருப்பதியில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கி, கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறான். கல்யாணமானதிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்திருந்தது விடுமுறை நாட்களில்தான். கன்னிகாவுக்குத் திருப்பதியில் வேலை என்றதும் அவன் அலிப்பிரி பக்கம் வீடு பார்க்கக் கிளம்பிவிட்டான்.

டீனை நேரில் பார்த்துப் பேசுவதற்காகக் கன்னிகா மறுபடியும் திருப்பதிக்கு வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஓட்டலில் அவனுக்கு இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவன் கை இட்லியோடு அப்படியே நின்றது.

"வேல கைக்கு வந்துக்கினு இருக்கு. இப்பப் போயி இன்னாத்துக்கு கன்னிகா வம்பு? மொதல்ல சேந்துடு. உள்ள போனப்புறம் மெதுவா கேட்டுக்கலாம்."

"உள்ள போனப்புறம் எவன் குடுப்பான்? இப்பதான் அவங்களுக்கு நான் வேணும். சேந்துட்டா எனக்குத்தான் அவங்க வேணும்."

"நீதான் உங்க இஷ்டம்னு சொல்லிட்டியே."

"சொன்னேன். தப்பு பண்ணிட்டேன். அதுக்காக புழுவ சாவடிக்க முடியுமா?"

"வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா?"

"சொல்லிட்டாங்கன்னா மைசூர்தான். இன்னொரு வருஷம். உங்களுக்கு கஷ்டம்னு தெரியும். எனக்கும் கஷ்டந்தான்."

யோகேஷுக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம். பொண்டாட்டியைப் புழுவோடு பங்கு போட்டுக்கொள்ள எந்தப் புருஷனுக்குத்தான் பிடிக்கும்? சட்னியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, தொழில்காரன் அல்லவா, தொழில் புத்தி வந்தது.

"எங்க லைன்ல ஒரு பீஸ ரிஜெக்ட் பண்ணா சும்மா தூக்கிப் போட்டுட முடியாது. இன்னா சரி பண்ணா எடுத்துக்குவோம்னு சீட்டு எழுதிக் கட்டணும். நீயும் வேணாம்னு மட்டும் சொல்லிட்டு வந்துடாத. இது இது இருந்தா வரேன்னு சொல்லு. எல்லாத்தயும் ஒரே தபா சொல்லு. தெனம் ஒண்ணு கேட்டுக்கினு இருந்தா கடுப்பாயிடுவாங்க." பிறகு தட்டைக் காட்டி, "நீயும் துன்னு, வெறும் வயித்தோட பேரம் பேசப் போகாத" என்றான்.

அந்த இடத்தில் கன்னிகாவுக்கு அவன் மேல் பொங்கி வந்த பிரியத்தை இட்லித் தட்டுகளுக்கு நடுவே காட்ட வழியில்லை. தன் இட்லி ஒன்றை அவன் தட்டில் வைத்தாள்.

பல்கலைக்கழகம் ஊருக்கு வெளியே, ஒரு காலத்தில் மாந்தோப்பாக இருந்த இடத்தில் நிற்கிறது. கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் திருமலை மலை. டீன் அறைக்குள் நுழைந்ததும் பத்மினி மேடம் எழுந்து வந்து கைகொடுத்தார். ஐம்பதைத் தாண்டியவர், சந்திரகிரிக்காரர், வெங்கடகிரிப் புடவை, மூக்கில் கண்ணாடி. தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேசுவார். அந்தப் பக்கத்தில் இது கலப்பு என்றே யாருக்கும் தோன்றாது.

"ஆர்டர் பாத்தீங்களா? பாகுந்தா, நல்லா இருக்கா? புது லேப். எல்லாரும் அதத்தான் கேட்டாங்க. உங்களுக்குக் குடுத்தேன்."

"ரொம்ப நன்றி மேடம். ஆனா அந்த லேப் எனக்கு வேணாம்."

பத்மினியின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டது. கன்னிகா பையிலிருந்து இரண்டு பட்டுக்கூடுகளை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"மேடம், ரெண்டையும் அழுத்திப் பாருங்க."

பத்மினி தாவரவியல்காரர். பட்டுக்கூட்டைக் கையால் தொட்டு எத்தனை வருஷமோ. ஒன்றை எடுத்து அழுத்தினார். பொசுக்கென்று உள்ளே போனது. இன்னொன்றை அழுத்தினார். அது அசையவில்லை.

"மொதல்ல பாத்தது போன வைகாசில எங்க மண்டலத்துல வேறொருத்தர் எடுத்தது. ரெண்டாவது என்னோட இனம். அதே சூட்டுல, மைசூர்ல ஹீட்டர் போட்டு வளத்தது. ஹீட்டர்ல நிரூபிச்சா விவசாயிங்க நம்ப மாட்டாங்க. இங்க, இந்த வெயில்ல, ஏசி இல்லாம நிரூபிக்கணும். பங்குனிக்குள்ள முட்டைய எடுத்தாகணும். அதுக்கு எனக்கு நாலு விஷயம் வேணும் மேடம். நாலையும் இப்பவே சொல்லிடறேன்."

சொன்னாள். மருந்து வாடையே இல்லாத தனிக் கட்டடம். மல்பெரி வைக்கக் கொஞ்சம் நிலம். அந்தப் பக்கம் தோட்டக்காரர்கள் மருந்து அடிக்கக்கூடாது என்ற உத்தரவு. புழு வளரும் கோடைக்காலத்தில் பாதி வகுப்புகள் மட்டும். குரலை உயர்த்தவுமில்லை, குழைக்கவுமில்லை.

பத்மினி நாற்காலியில் சாய்ந்தார். "அன்னிக்கு போன்ல 'மீ இஷ்டம்'னு சொன்னீங்களே, கன்னிகா காரு. நான் ரெஜிஸ்ட்ரார் கிட்ட இந்தப் பொண்ணுக்குப் பேராசையே இல்லன்னு பெருமையா சொல்லி வச்சிருக்கேன்."

இதற்குப் பதிலை ராத்திரியெல்லாம் தயார் பண்ணி வைத்திருந்தாள். சூழ்நிலை, தகவல் பற்றாக்குறை என்று நயமாக நாலு வாக்கியம். அந்த நேரத்தில் நாலும் மறந்துபோய், உண்மைதான் வாயில் வந்தது.

"தப்பு என்னோடதுதான் மேடம். எங்க நைனா கூலிக்குப் போன வீட்ல எல்லாம் அப்படித்தான் சொல்வாரு. கேட்டா வேல போயிடும்னு பயம். எனக்கும் அதே வாயி வந்துடுச்சி. அது அவரு பதில். இது என்னோட பதில்."

பத்மினி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்போல் கூட்டை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"சந்திரகிரில எங்க தாத்தாவுக்கு நிறைய நிலம். அவர் வீட்டு வாசல்ல தினம் கேட்ட வார்த்தைதான் அது. அப்படிச் சொன்னா மனசு இளகும்னு நெனச்சிட்டு சொல்வாங்க, பாவம். அவரு அந்த வார்த்தை வந்தாலே கூலி நெல்ல ஒரு பிடி குறைச்சுத்தான் அளப்பாரு." நிறுத்தினார். "நானும் அதான் செஞ்சிருக்கேன் போல."

அந்தக் கதையைக் கேட்டு மனம் இளகி, கன்னிகா 'பரவாயில்ல மேடம்' என்று சொல்லியிருந்தால் பேரம் அங்கேயே முடிந்திருக்கும். பரவாயில்லை என்று சொல்லும் வேலை அவளுடையது அல்ல.

ஆனால் தாத்தா கதை சொன்னதாலேயே டீன் கட்டடம் கொடுத்துவிடுவாரா? பத்மினி நல்லவர்தான், நிர்வாகம் தெரிந்தவரும்கூட. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டதும் பழைய ஆள் ஆகிவிட்டார். தனிக் கட்டடம் புதிதாகச் சேரும் யாருக்கும் கொடுத்ததில்லை, கொடுத்தால் மற்றவர்கள் கொடி பிடிப்பார்கள் என்றார். வேண்டுமானால் எலி வளர்க்கும் கூடத்தில் பாதியைத் தடுத்துத் தருகிறேன் என்றார்.

"எலி புழுவத் துன்னுடும் மேடம்."

பத்மினி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அப்போ கஷ்டம்."

கன்னிகா தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். எழுந்திருக்கவில்லை, இன்னொரு காரணம் சொல்லவில்லை, குறைத்துக் கேட்கவுமில்லை. கூடுகளுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேலே மின்விசிறி சுற்றியது. பியூன் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பேச்சில்லாத அறையில் உட்காருவது படித்தவர்களுக்கு ரொம்பக் கஷ்டம். எதையாவது சொல்லி அந்த மௌனத்தை நிரப்பாவிட்டால் அவர்களுக்கு மூச்சு முட்டும். கன்னிகாவும் படித்தவள்தான். நாக்கு துறுதுறுத்தது. செல்லியம்மாவை நினைத்துக்கொண்டு காபியைக் குடித்தாள்.

"வேற எங்கயாவது வேல இருக்கா உங்களுக்கு?" என்று பத்மினிதான் முதலில் கேட்டார்.

இந்த இடத்தில் பொய் சொல்கிறவர்கள் உண்டு. பெங்களூரில் கூப்பிடுகிறார்கள், ஹைதராபாத்தில் கூப்பிடுகிறார்கள் என்பார்கள். கூட்டுச் சந்தையிலும் அப்படிப் பொய் விலை சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் தட்டுப் பக்கம் அப்புறம் யாரும் வருவதில்லை.

"மைசூர்ல இன்னொரு வருஷம் இருக்கச் சொல்றாங்க. வேற எதுவும் இல்ல மேடம். எனக்கு இங்க வரணும்னுதான் ஆச. என் வீட்டுக்காரர் இங்கதான் இருக்காரு. ஆனா புழுவ விட்டுட்டு வர முடியாது. புழு இல்லன்னா நீங்க எடுக்கறது வேற ஆளு, நான் இல்ல."

பத்மினி அவளை உற்றுப் பார்த்தார். "ஒரு புழுவுக்காகவா?"

"மேடம், எங்க வீட்ல மொத்தமே ஒரு ரூம். பட்டு வளக்க ஆரம்பிச்சப்போ எங்க நைனா அத புழுவுக்கு விட்டுட்டாரு. நாங்க எல்லாரும் வாசல்ல படுத்தோம், மழ வந்தா கோணியப் போத்திக்குவோம். அந்த ரூம்ல இருந்த புழுதான் என்னப் படிக்க வச்சது. ஒரே ஒரு ரூம் வச்சிருந்தவர் அதக் குடுத்தாரு. உங்க கிட்ட எத்தன ரூம் இருக்கு?"

இதைக் கெஞ்சலாகச் சொன்னாள் என்று யாரும் நினைக்கவேண்டாம். கணக்குக் கேட்கிறவள் குரலில்தான் சொன்னாள். பத்மினி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "ராண்டி, வாங்க. நடந்து பாக்கலாம். ஒண்ணும் வாக்கு குடுக்கல."

வெயிலில் இரண்டு பேரும் வளாகத்தைச் சுற்றினார்கள். ஜெனரேட்டர் ஷெட்டைப் பார்த்தார்கள், புகை. நூலகத்துக்கு அடியில் ஒரு அறையைப் பார்த்தார்கள், காற்றே இல்லை. கடைசியில், விளையாட்டு மைதானத்துக்கு அப்பால், மிச்சமிருந்த நாலைந்து மாமரங்களுக்கு நடுவே ஒரு ஓட்டு வீடு நின்றது. தோப்பாக இருந்த காலத்தில் காவல்காரர் குடும்பம் இருந்த வீடு. கனமான மண்சுவர். எதிரெதிரே ஜன்னல். உள்ளே உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். கன்னிகா சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வெளியே அந்த வெயில், சுவர் குளுமையாக இருந்தது. அவள் முகம் மலர்ந்ததைப் பத்மினி பார்த்துவிட்டார். பேரத்தில் அன்றைக்கு அவள் செய்த ஒரே பிழை அந்த முகம்தான்.

"அத இடிக்கப் போறோம். பார்க்கிங் வருது."

"இடிக்க ஆர்டர் போட்டாச்சா மேடம்?"

"போடல."

"அப்போ கார் ஒரு வருஷம் வெயில்ல நிக்கட்டும். காருக்கு ஒண்ணும் ஆகாது."

பத்மினி இந்தத் தடவை சிரிப்பை அடக்கவில்லை. வாசலில் நின்றபடியே மிச்சத்தைப் பேசினார்கள். வகுப்பைப் பாதியாகக் குறைக்க முடியாது, மற்ற ஆசிரியர்கள் சும்மா இருக்கமாட்டார்கள் என்றார் பத்மினி. அப்படியானால் கோடையில் குறைத்துக்கொள்ளுங்கள், மழைக்காலத்தில் முதலாமாண்டுப் பெரிய வகுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றாள் கன்னிகா. முந்நூறு பிள்ளைகள் உட்காரும் அந்த வகுப்புக்கு ஆள் பிடிப்பதற்குள் பத்மினிக்கு வருஷா வருஷம் தாவு தீர்ந்துவிடும். அவர் சட்டென்று திரும்பிப் பார்த்த பார்வையிலேயே அது முடிந்துவிட்டது என்று கன்னிகாவுக்குத் தெரிந்தது. நிலம் அந்த வீட்டைச் சுற்றி இருந்ததே போதும். தோட்டக்காரர்களுக்குத் தானே சொல்லிவிடுவதாகப் பத்மினி சொன்னார்.

"எல்லாத்தையும் புது ஆர்டர்ல எழுதிக் குடுத்துட்டீங்கன்னா நான் கையெழுத்துப் போட்டுடறேன் மேடம்."

பத்மினிக்குச் சுருக்கென்றது. "என் வார்த்தை போதாதா?"

"உங்க வார்த்த போதும். நாளைக்கு உங்களுக்கு புரமோஷன் வந்து வேற டீன் வந்தா, அவருக்கு உங்க வார்த்த எப்படித் தெரியும்?"

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். புது உத்தரவு அந்த வாரத்திலேயே வந்தது. யோகேஷ் அதை அவள் படிக்குமுன் ஒருமுறை, அவளோடு ஒருமுறை, அவள் தூங்கப் போன பிறகு ஒருமுறை படித்தான். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உடைந்த பெஞ்சுகளை வெளியே தூக்கிப் போட்டான், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தான், ஜன்னலுக்கு ஈ நுழையாத வலை அடித்தான். ஒவ்வொரு ஆணியையும் இழுத்துப் பார்த்துத்தான் விட்டான். பொண்டாட்டியைப் புழுவோடு பங்கு போட்டுக்கொள்ள அவன் ஒப்புக்கொண்டுவிட்டான் என்று அதற்கு அர்த்தம்.

பங்குனியின் கடைசி வாரத்தில் முட்டை பொரிந்தது. அதிகாலையில் கன்னிகா தட்டுக்கு மேல் மூடியிருந்த கறுப்புத் தாளை எடுத்தபோது, மிளகை இடித்துத் தூவியதுபோல் சின்னச் சின்னப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. வருஷக்கணக்காகப் பார்த்ததுதான். ஆனாலும் அன்றைக்கு அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மைசூரில் அவை அவளுக்கு வேலை. இங்கே அவை அவள் கேட்டு வாங்கிய இடத்தில் பிறந்தவை.

புதிதாக நட்ட மல்பெரி இன்னும் துளிர்க்கவில்லை. பொரிந்த குஞ்சுக்கு இளந்தளிர் ஒரு கட்டு இருந்தால் போதும். அதைக் கொண்டுவந்தவர் பாலையா. விடியற்காலையில் பறித்து, ஈரத்துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு குப்பத்திலிருந்து பஸ்ஸில் உட்கார்ந்தே வந்தார். பல்கலைக்கழகத்து வாசலில் காவலாளி விசாரித்தபோது, "எம் பொண்ணு இங்க புரொபசரு, புழுவுக்கு எல எடுத்துக்கினு வந்தேன்" என்றாராம். காவலாளிக்கு இந்த இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

கன்னிகா தளிரைப் பொடிப்பொடியாக நறுக்கித் தட்டில் தூவினாள். பாலையா உதவி செய்துவிட்டு, சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார். அந்த நேரத்தில் பத்மினி மேடம் வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றி, புழுவுக்கு நோய் ஒட்டாமலிருக்க அங்கே வைத்திருந்த பிளீச்சிங் தண்ணீரில் காலை நனைத்துவிட்டு உள்ளே வந்தார். அந்த வீட்டுச் சட்டம் டீனுக்கும் ஒன்றுதான் என்று கன்னிகா முதல் நாளே சொல்லியிருந்தாள். பாலையா துண்டைத் தோளிலிருந்து எடுக்கப் போனார்; பிறகு எடுக்கவில்லை.

"இவர்தான் எங்க நைனா" என்றாள் கன்னிகா.

பத்மினி கும்பிட்டார். தட்டுகளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். அவ்வளவு தூரம் வந்த மனிதர், காபியோ தண்ணீரோ ஏதாவது வேண்டியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, சந்திரகிரித் தெலுங்கில் மரியாதையாகக் கேட்டார்:

"பெத்தாயனா, மீக்கு ஏம் காவாலி?"

பெரியவரே, உங்களுக்கு என்ன வேணும்?

கன்னிகாவின் கை இலையோடு நின்றது. நைனாவின் வாயில் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். அவர் உதடு குவிந்ததையும் பார்த்தாள், "மீ..." என்று ஆரம்பித்ததையும் கேட்டாள். அப்புறம் அவர் அந்த வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். சுண்ணாம்பு அடித்த சுவர், வலை போட்ட ஜன்னல், ஒவ்வொரு தட்டுக்கும் கீழே ஒரு ஸ்டாண்டு.

"ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கம்மா. காலயிலருந்து பஸ்ல வந்தது, முட்டி வலிக்குது."

பத்மினி யாரையும் கூப்பிடவில்லை. மறுபடியும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய், மாமரத்தடியில் காவலாளி போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். வாசலில் அதன் நாலு காலையும் பிளீச்சிங் தண்ணீரில் நனைத்தார், தன் காலையும் நனைத்துக்கொண்டார், உள்ளே கொண்டுவந்து போட்டார். பாலையா உட்கார்ந்தார். பத்மினி மேடம் பக்கத்தில் நின்றபடி, புழுக்கள் இலையைக் கடிக்க ஆரம்பிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் இருந்தது ஒரே நாற்காலி.